மூன்றாவது சுழியோடி

பெரிய ஆட்கள் மொழிபெயர்ப்பாளரைக் கதிரை மேசையோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். தேவைப்பட்டால் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்; தேவை முடிந்தால் அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே மறந்துபோகும். சுபோதினிக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. காதில் மாட்டினால் எந்த மொழியையும் பெயர்த்துச் சொல்லும் கருவி மீன் சந்தைவரைக்கும் வந்துவிட்ட காலத்தில், அவளுக்கு ஒரு வேலை இருந்ததே பெரிய விஷயம். முக்கியமான பேச்சு நடக்கிற அறைகளுக்குள் சீன அதிகாரிகள் அந்தக் கருவியை விடுவதில்லை. கருவி கேட்டதையெல்லாம் எங்கேயாவது சேர்த்து வைத்துவிடும், மனுசி மறந்துவிடுவாள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

மறக்கிற மனுசியாம். நல்ல ஆளைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

அன்று திருகோணமலை அலுவலகத்தில் ஒரு கூட்டம். கீழ்க்கடல் கனிமக் கழகம் என்கிற சீன அரசு நிறுவனத்தின் இந்துமாக்கடல் பிரிவுக்குப் பணிப்பாளர் ஷென் குவோபின். தெற்கே வெகுதூரத்தில் அவருடைய கப்பல்கள் கடலடியிலிருந்து உலோகக் கட்டிகளை உறிஞ்சி எடுத்தன. அவை போய்ச் சேராவிட்டால் சீனாவில் மின்கலத் தொழிற்சாலைகள் படுத்துவிடும். ஆகவே அந்தக் கட்டிகளை நிற்காமல் அனுப்புகிறவருக்குப் பீஜிங்கில் பெரிய நாற்காலி நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கொழும்பிலிருந்து வந்த செயலாளர் தொலைபேசியோடு வெளியே எழுந்து போனார். அறையில் ஷென்னும் பாதுகாப்புப் பொறுப்பாளர் லியூவும் சுபோதினியும் மட்டும். உடனே அவர்கள் இருவரும் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு, சிச்சுவான் பேச்சுக்கு, மாறிக்கொண்டார்கள். அந்நியர் முன்னால் ரகசியம் பேச அவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம் அது.

சுபோதினி அதே சிச்சுவானில், செங்டு நகரத்தில் படித்தவள். சந்தையில் மிளகாய்க்காரிகளோடு பேரம் பேசியே அந்தப் பேச்சைக் கற்றவள். அவளை வேலைக்கு எடுத்தது ஷென்னுக்கு முன்னிருந்த பணிப்பாளர். எங்கே படித்தாய் என்று ஷென் ஒருநாளும் கேட்டதில்லை.

"சுழியோடிகளுக்குக் காற்றுப் போகிற குழாயில் வெடிப்பு இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன்," என்றார் லியூ.

"காலாண்டு முடிகிற நேரத்தில் கப்பலை நிறுத்தச் சொல்கிறாயா? நடந்தது நடந்துவிட்டது. செத்தவர்கள் இரண்டு என்று அறிவித்தாகிவிட்டது. இரண்டு என்றால் சாதாரண விபத்து. கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மூன்று என்றால் அது வேறு வகை. மற்ற எல்லாச் சாதனைக்கும் மேலே ஒரே கோடு கிழித்துவிடுவார்கள்."

"அந்த இலங்கைச் சுழியோடி?"

"அவனுக்குத்தான் பதிலாள் இருக்கிறதே. அது பாட்டுக்கு வீட்டோடு பேசிக்கொண்டிருக்கட்டும். ஒப்பந்தம் முடியும்போது, ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி ஓடிப்போனான் என்று முடித்துவிடலாம். அவர்கள் ஓடுகிற ஆட்கள்தானே."

பிறகு ஷென் சுத்தமான பொதுச்சீனத்தில், முகம் நிறையச் சிரிப்போடு, "சூ, அந்த நிலக்கடலையை இந்தப் பக்கம் தள்ளுங்கள்," என்றார்.

சூ என்பது சுபோதினிக்கு அந்த அலுவலகத்தில் வைத்திருந்த சுருக்கப் பெயர். அவள் தள்ளினாள். அவளுடைய கை நடுங்கவில்லை. அந்தக் கைமேல் அவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் பிறகும் தீரவில்லை. அந்தக் கப்பலில் இருந்த இலங்கைச் சுழியோடி ஒருவன்தான். அவன் பெயர் கஜீபன். அவளுடைய தம்பி.

இது ஷென்னுக்குத் தெரியாது. உறவுக்காரர் இருவர் ஒரே பிரிவில் வேலை செய்யக்கூடாது என்பது கழகத்தின் விதி. அதற்காக அவர்கள் எல்லோருடைய குடும்பப் பெயரையும் ஒத்துப் பார்ப்பார்கள். சீனத்துப் பெண்கள் கல்யாணம் கட்டினாலும் தகப்பன் பெயரை விடுவதில்லை. உலகமெல்லாம் அப்படித்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. இவளோ, ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஒரு 'ஹலோ'வுக்குக்கூடக் கஞ்சத்தனம் பண்ணுகிற புருசனின் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தாள். அந்த மனுசனால் அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

வீட்டுக்குப் போனாள். அம்மா தவமணி குசினியில் திரையைத் தேங்காயெண்ணெய் டின்னில் சாத்தி வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் கஜீபன். ஈரத்தலை, கன்னத்துப் பள்ளம், எல்லாம் அவனேதான்.

"தம்பி, தலையைத் துவட்டாமல் காத்துக்குள்ள நிக்காத."

"துவட்டியாச்சு அம்மா. நீங்க சீனிக் குளிசை போட்டனீங்களோ? பொய் சொல்லக்கூடாது."

"இந்தா, போடப்போறன்."

"போடப்போறன் எண்டால் போடேல்ல எண்டுதான் அர்த்தம். அக்கா, எடுத்துக் குடன்."

பதிலாள் ஒளித்து மறைத்த விஷயமில்லை. கப்பல் எங்கே நிற்கிறது என்று வேறு நாட்டுக்காரர் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பதால், அங்கிருந்து தொழிலாளர்கள் நேராகப் பேச முடியாது. கப்பலேறுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒவ்வொருவனும் ஒரு இயந்திரத்தோடு கதைக்கவேண்டும். அவனுடைய முகம், குரல், பகிடி, கோபம் எல்லாம் அது பழகிக்கொள்ளும். பிறகு அவனுக்குப் பதிலாக அதுதான் வீட்டோடு பேசும். வீட்டார் சொன்னதன் சாரத்தை வேலை முடிந்ததும் அவனுக்குச் சொல்லும். அவன் சொல்வதை மறுநாள் வீட்டுக்குச் சொல்லும். தவமணிக்கும் இது தெரியும். "மெசின்தான், ஆனால் பிள்ளையின்ர காதுக்குப் போகுதுதானே" என்பாள்.

இனிப் போவதற்குக் காது இல்லை.

சுபோதினி குளிசையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நஷ்டஈடு வேண்டாம், அனுதாபம் வேண்டாம். ஷென் குவோபின் தன் வாயால், ஆட்கள் முன்னால், "அவன் செத்துப்போனான்" என்று சொல்லவேண்டும். தம்பியை எண்ணிக்கையிலிருந்து தூக்கி எறிந்த அதே வாய் அவனைத் திருப்பி எண்ணவேண்டும்.

அதுவரைக்கும் அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள். சொன்னால் அம்மா தெருவில் விழுந்து கத்துவாள், ஷென் உசாராகிவிடுவார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் கொழும்பில் அரசாங்க மேசையொன்றில் இருந்த மதியாபரணத்திடம் போனாள். தகப்பனுக்குத் தெரிந்த ஆள். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளும். புது உடன்படிக்கை கையெழுத்தாகிற நேரம். இப்ப இதைக் கிளப்பினால் எங்கட ஆக்களே உம்மை அமத்திப்போடுவினம்."

"பேப்பருக்குக் குடுத்தால்?"

"குடும். வெளிநாட்டுக்காரி கல்லெறியிறாள் எண்டு சீனாக்காரர் எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து நிண்டு அந்த ஆளைக் காப்பாத்துவினம். வேற நாட்டுக்கு மாத்திப்போட்டுப் பதவியும் உயர்த்துவினம். அவையளை விழுத்துறதெண்டால் உள்ளுக்க இருந்துதான் விழுத்தவேணும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்றார்.

"இல்லை."

"அதுவும் நல்லதுதான்," என்றார் மதியாபரணம். அவருக்கு அது நல்லதாகப் பட்டது.

உள்ளே இருந்து விழுத்துகிற வழியை அவளுக்குக் காட்டியது ஃபாங் லி. கழகத்தின் பிரசாரப் பிரிவுக்குப் பொறுப்பானவள், வெள்ளந்தியான பெண், எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது புலம்பினாள்.

"முன்மாதிரித் தொழிலாளி விருதுக்கு இந்தத் தடவை ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி வேண்டுமாம். இரு நாட்டு நட்புக்கு நல்ல செய்தி என்று மேலே நினைக்கிறார்கள். எல்லோருடைய வேலை விவரத்தையும் அலசிப் பார்த்தேன். ஒருவன் குடிக்கிறான், ஒருவன் சண்டைக்காரன், மற்றவன் மாதம் தவறாமல் வயிற்றுவலி என்று படுக்கிறான்."

"ஒருத்தன்கூடத் தேறவில்லையா?"

"ஒருவன் இருக்கிறான். சுழியோடி. ஒருநாள்கூட லீவு இல்லை, ஒரு முறைப்பாடு இல்லை, சாப்பாடு சரியில்லை என்றுகூடச் சொன்னதில்லை. இப்படி ஒரு மனிதன் இருப்பான் என்று நம்பவே முடியவில்லை."

செத்தவன் எங்கே லீவு கேட்பான். உயிரோடு இருந்தபோது, குடிக்கிற தண்ணீரில் டீசல் மணக்கிறது என்று கப்பலையே இரண்டாக்கியவன் கஜீபன். இப்போது அவனுடைய வேலை விவரத்தை இயந்திரம் தானாகவே நிரப்பிக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்குக் குறை சொல்லத் தெரியாது.

"அப்ப அவனைத்தான் அனுப்பவேண்டும்," என்றாள் சுபோதினி. "ஏழைக் குடும்பம் என்று நினைக்கிறேன். தாய் தனியாக இருக்கிறாராம். படத்துக்கு நன்றாக இருக்கும்."

ஃபாங் லிக்குக் கண் மின்னியது. "தாயையும் பீஜிங்குக்கு அழைப்போம். விருதுக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, 'வாழ்க்கையில் ஏதாவது கஷ்டம் இருக்கிறதா?' என்று கேட்பார். அது ஒரு வழக்கம். எல்லோரும் 'இல்லை, தலைமையின் அக்கறைக்கு நன்றி' என்பார்கள். அதோடு சரி. ஆனால் முன்மாதிரித் தொழிலாளி ஒன்று சொன்னால் அதைத் தட்டிக்கழிக்க யாராலும் முடியாது, அதனால் எல்லோருக்கும் அந்த நேரம் கொஞ்சம் பயம்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சுபோதினியும் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு உண்மையாகவே சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷென் பீஜிங்கில் கட்சிப் பயிற்சி வகுப்பில் இருந்தார். திரும்பி வருவதற்குள் கஜீபனின் பெயர் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து அதற்கும் மேலே போய், செய்தியாகவும் வந்துவிட்டது. விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து அவருக்கு வாழ்த்துத்தான். இந்துமாக்கடலில் நட்பை வளர்த்த பணிப்பாளர் என்று மேலே உள்ளவர்கள் தோளில் தட்டினார்கள். இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அவரும் லியூவும் சுபோதினியின் முன்னாலேயே சிச்சுவான் பேச்சில் ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டார்கள். அவள் குனிந்து குறிப்பெடுப்பதுபோல இருந்தாள். அவளுக்குக் கரும்பு தின்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் ஷென்னுக்கு ஒரு புத்தி வந்தது. விருது வாங்கக்கூட வேலையை விட்டு வரமாட்டேன் என்று அந்தத் தொழிலாளி அடம்பிடிக்கிறான், ஆகவே கப்பலிலிருந்தபடியே திரையில் பேசுவான் என்று மேலே சொன்னார். மேலே உருகிவிட்டார்கள். பதிலாள் பேசுவதை ஏற்கமாட்டோம், ஆளே பேசவேண்டும் என்றார்கள். விசேஷமாக ஒரு தொடர்பு ஏற்பாடு செய்திருப்பதாகவும், ஆளேதான் நேரில் பேசுவான் என்றும் ஷென் சத்தியம் பண்ணாத குறையாக உறுதி கொடுத்தார். ஒரு பொய்யை மூடப் பெரிய பொய், அதை மூட அதைவிடப் பெரியது. அந்த ஆளுக்கு இது கைவந்த கலை.

அதற்குள் சுபோதினி தன் வேலையைத் தொடங்கியிருந்தாள். பதிலாளின் பலவீனத்தையும் ஃபாங் லியே பெருமையோடு சொல்லிவிட்டிருந்தாள்: வீட்டார் சொல்வதை அது மறுக்காது. 'அன்றைக்கு நீ இப்படிச் சொன்னாயே' என்று தாய் சொன்னால், 'இல்லை' என்று வாதாடாமல் அதைத் தன் நினைவாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டில் சண்டை வந்தால் தொழிலாளி வேலையை விட்டுவிடுவான் என்பதால் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள்.

அம்மா காலையில் பத்திரகாளி கோயிலுக்குப் போகிற நேரத்தில் சுபோதினி திரையை எடுத்து வைத்துக்கொள்வாள்.

"தம்பி, உன்னை வெடிச்ச குழாயோட தண்ணிக்குள்ள இறக்கினவங்கள். ஞாபகம் இருக்கோ?"

"அப்படியோ அக்கா?" திரையில் கஜீபனின் நெற்றி சுருங்கும். "ஓம்... குழாய். ஆர் இறக்கினது?"

"ஷென். பணிப்பாளர் ஷென். வெடிப்பு இருக்கு எண்டு தெரிஞ்சும் இறக்கினவர்."

"நாசமாப் போவான்," என்பான் கஜீபன். அது அவனுடைய வசவேதான். பிறகு, "நான் பிறகு மேல வந்தனானோ?" என்று கேட்பான்.

அந்தக் கேள்வி வந்த முதல் தடவை அவள் திரையைக் கவிழ்த்துவிட்டாள். அடுத்த நாள் சொன்னாள். "இல்லை. நீ இன்னும் மேல வரேல்ல."

ஒவ்வொரு காலையும் இதே பாடம். தம்பியை ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே தண்ணீருக்குள் அமுக்குகிற மாதிரி இருந்தது. அவன் பாடத்துக்கு நடுவில் பகிடி விடுவான், "அக்கா, நீ சாப்பிட்டனியோ, முகம் காஞ்சுபோய்க் கிடக்கு" என்பான். அவளுக்கு நெஞ்சு வெடிக்கும். ஆனாலும் விடவில்லை. ஷென் நிலக்கடலை கொறிக்கிற வாயை நினைத்துக்கொள்வாள், மறுபடி தொடங்குவாள்.

"இதெல்லாம் அம்மாவிட்டச் சொல்லாத," என்பாள் முடிவில். "பீஜிங்கில பெரிய ஆக்கள் ஆராவது உனக்குக் குறை இருக்கோ எண்டு கேட்டால் மட்டும் சொல்லு."

"அம்மா பக்கத்தில இருந்தால் சொல்லமாட்டன்," என்பான் அவன். "அவ தாங்கமாட்டா."

பீஜிங்கில் குளிர் வெட்டியது. தவமணி கூறைப்பட்டுக்கு மேலே யாரோ கொடுத்த கனத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, எதைப் பார்த்தாலும் "என்ர பிள்ளையால இதெல்லாம் பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். மகளோடு உறவு காட்டக்கூடாது, காட்டினால் வேலை போய்விடும் என்று சுபோதினி சொல்லி வைத்திருந்தாள். அதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. தவமணி "மகள், மகள்" என்று கூப்பிட்டாள். வயது குறைந்த எந்தப் பெண்ணையும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று ஃபாங் லிக்கு விளக்கம் சொல்லியாயிற்று.

ஷென் சுபோதினியைத் தனியாக அழைத்தார். "கிழவியைச் சந்தோஷமாக வைத்திருங்கள். அதிகம் பேச விடாதீர்கள். நீங்கள் எவ்வளவு உதவியாக இருக்கிறீர்கள் என்பதை நான் மறக்கமாட்டேன், சூ."

"நானும் மறக்கமாட்டேன், ஷென் பணிப்பாளர்," என்றாள் சுபோதினி.

விழாவுக்கு முதல்நாள் பிற்பகல், ஒரு சிறிய வரவேற்பு அறையில் அந்தக் கேள்விச் சடங்கு. மேலிடத்திலிருந்து வந்தவர் ரென் அம்மையார்; தப்புச் செய்கிற அதிகாரிகளை விசாரிக்கிற ஒழுக்க ஆய்வுப் பிரிவில் காலம் கழித்த மனுசி, நரைத்த கட்டைமுடி, அளந்து பேசுகிறவர். அறைக்குள் எந்தக் கருவியும் இல்லை, சுவரில் கஜீபன் தெரிகிற திரை மட்டும். சுபோதினியின் திட்டத்தில் தவமணி அந்த நேரம் ஃபாங் லியோடு கடைத்தெருவில் இருக்கவேண்டும். அதையும் ஒழுங்கு செய்துதான் இருந்தாள். ஆனால் ரென் அம்மையார் வந்ததும் முதல் காரியமாக, "தாய் எங்கே? பெற்றவளை வெளியே விட்டுவிட்டுப் பிள்ளையிடம் குறை கேட்பது மரியாதையா?" என்றார். வாசலில் காருக்குக் காத்திருந்தவளை ஃபாங் லி ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். தவமணி பக்கத்துச் சோபாவில், திரையிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுபோதினி அம்மாவைப் பார்த்தாள். நிறுத்திவிடலாம். இன்னும் நிறுத்த வழி இருந்தது. தமிழில் அதை வேறு கேள்வியாக்கிக் கேட்டுவிட்டால் போதும். தம்பி நன்றி சொல்லுவான், எல்லோரும் கை தட்டுவார்கள், அம்மா நாளைக்கு மேடையேறுவாள், குசினியில் வெங்காயம் உரித்தபடி காலமெல்லாம் அவனோடு கதைத்துக்கொண்டிருப்பாள். எதிரே ஷென் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பீங்கான் கோப்பையின் மூடியைத் திறந்து தேநீரை ஊதினார். அவருடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ இறுகிப்போயிற்று.

"தோழர் கஜீபன்," என்றார் ரென் அம்மையார் திரையைப் பார்த்து. "உங்களுக்கு ஏதாவது கஷ்டம், குறை இருக்கிறதா? தயங்காமல் சொல்லுங்கள்."

சுபோதினி அதை அப்படியே தமிழில் கேட்டாள்.

திரையில் கஜீபன் அறையைத் துழாவுவதுபோலப் பார்த்தான். "அக்கா," என்றான். "அம்மா அங்க பக்கத்தில இருக்கிறாவோ?"

தவமணி சோபாவில் நிமிர்ந்தாள்.

"இல்லை," என்றாள் சுபோதினி. "அம்மா இங்க இல்லை. நீ சொல்லு."

சொல்லும்போது அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் மேலங்கி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப சொல்லுறன்," என்றான் கஜீபன். "எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கு. பணிப்பாளர் ஷென், குழாய் வெடிச்சிருக்கு எண்டு தெரிஞ்சுகொண்டும் எங்களைத் தண்ணிக்குள்ள இறக்கினவர். மற்ற ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். என்னை ஒருத்தரும் தேடேல்ல. நான் இன்னும் மேல வரேல்ல. என்னை மேல எடுக்கச் சொல்லுங்கோ."

சுபோதினி ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சீனத்தில் சொன்னாள். இவ்வளவு சுத்தமாக அவள் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை.

ஷென்னின் கோப்பை மூடி கீழே விழுந்து உருண்டது. "இது... இது பதிலாள்தான், அம்மையார். தொடர்பு கிடைக்கவில்லை, அவசரத்துக்கு இதைப் போட்டுவிட்டார்கள். இயந்திரம் எதையோ உளறுகிறது."

"ஆளே பேசுவான் என்று நீங்கள் எங்களுக்கு உறுதி சொன்னீர்கள்," என்றார் ரென் அம்மையார். குரல் ஏறவில்லை. "பரவாயில்லை. அப்படியானால் ஆளையே கொண்டுவாருங்கள். முன்மாதிரித் தொழிலாளி கொடுத்த முறைப்பாடு, அதை நான் கேட்காமல் விட முடியாது. கடற்படையிடம் சொல்கிறேன், நாளை அவன் இந்தக் கதிரையில் இருப்பான். குழாயைப் பற்றி அவனிடமே கேட்போம்."

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

ஷென் லியூவைத் தேடுவதுபோலக் கதவைப் பார்த்தார். லியூ வந்திருக்கவில்லை. ஆளைக் கொண்டுவந்தால் வெடித்த குழாய்க்குச் சாட்சி. கொண்டுவராவிட்டால் எங்கே ஆள் என்பார்கள். இரண்டு பக்கமும் சுவர். வேர்த்து வடிந்தது அவருக்கு. சுபோதினி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, சொல்லு என்று அவளுடைய உள்ளம் அரற்றியது.

"அவன் செத்துப்போனான்," என்றார் ஷென். "அந்த இரண்டு பேரோடு அவனும் செத்துப்போனான். மூன்று பேர்."

வந்துவிட்டது. எத்தனை காலையில், எத்தனை கண்ணீரில் அவள் காத்திருந்த வாக்கியம். அது அவளுடைய காதில் விழுந்தது, நெஞ்சு குளிர்ந்தது, ஒரு மூச்சு நேரம் நன்றாகவே குளிர்ந்தது. தம்பியை எண்ணிவிட்டார்கள். ஷென் இனி எழும்பவே முடியாது. அது அவருக்கும் தெரிந்து, தோள் தொங்கி, கிழவனாகிப் போயிருந்தார்.

"மகள்." பக்கத்திலிருந்து தவமணியின் குரல். "பிள்ளை ஏன் இப்படிக் கதைக்கிறான்? அந்த ஆள் இப்ப என்ன சொன்னவர்?"

அறையில் ஷென் சொன்னதைத் தமிழில் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"தாய்க்குச் சொல்லுங்கள்," என்றார் ரென் அம்மையார், கொஞ்சம் இளகிய குரலில். "மறைக்கக்கூடாது. மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்."

சுபோதினி வாயைத் திறந்தாள். மொழிபெயர்ப்பாளர் குரல் வரவில்லை.

"அம்மா," என்றாள்.

ஷென் தலையைத் திருப்பினார். அந்தச் சொல் விளங்குவதற்கு அவருக்கு யாரும் தேவைப்படவில்லை. கிழவியின் முகத்தையும் அவளுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி இல்லை அம்மா. செத்துப்போனான். கப்பலிலேயே."

தவமணி அழவில்லை. திரையில் கஜீபன் இன்னும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். "அம்மா இங்க இல்லை" என்று சற்றுமுன் சொன்ன மகளை நிதானமாக, ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

சுபோதினியிடம் பதில் இருந்தது. மாரி மழைக்கு முன்னாலேயே தெரியும். குளிசை எடுத்துக் கொடுத்த அன்றைக்கே தெரியும்.

"தாய் என்ன கேட்கிறார்?" என்றார் ரென் அம்மையார்.

கேட்டதைப் பெயர்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை. ஷென் குவோபின் பார்த்துக்கொண்டிருக்க, சுபோதினி அம்மாவின் கேள்வியைச் சீனத்தில் சொன்னாள்.